மேடு தேடும் பிக்கப்

செகண்ட் ஹேண்டில் வாங்கி வந்து பல வருஷமாகிவிட்ட ஒரு பழைய பிக்கப் வண்டி, எந்த ஊருக்குப் போனாலும் மேடு தேடித்தான் நிற்கும். ஒரு நாள் அதற்குப் புது பேட்டரி மாட்டினார்கள். அன்று சாயங்காலமும் அது முக்கி முனகி மேட்டில் ஏறி, முகத்தைச் சரிவுப் பக்கம் திருப்பி நின்றது.

பேட்டரிக்குச் சுருக்கென்றது. "நான் இருக்கும்போது மேடு எதுக்குண்ணே? என்னை நம்பலையா?"

"நம்புறேன் தம்பி. உனக்கு முன்னால இருந்தவங்களையும் நம்பினேன்."

பேட்டரிக்கு ரோஷம் வந்துவிட்டது. தினமும் காலையில் சாவியைத் திருப்பியதுமே எஞ்சினை எழுப்பிக் காட்டியது. பிக்கப்போ மேட்டை விடுவதாயில்லை.

ஒரு நாள் டிரைவர் முகப்பு விளக்கை அணைக்க மறந்துவிட்டார். மறுநாள் காலை, பின்னால் பெட்டி பெட்டியாகத் தக்காளி. சந்தை கூடும் நேரம். சாவி திரும்பியது. பேட்டரி "டிக்" என்றதோடு சரி. அதற்கு வெட்கமாகிவிட்டது.

பிக்கப் கோபப்படவில்லை. பிரேக்கை விட்டதும் கடகடவென்று சரிவில் உருண்டது. கியர் விழுந்ததும் ஒரு குலுக்குக் குலுக்கி, புகையைக் கக்கி உறுமியது.

"ஓட ஓட உனக்கும் தெம்பு வந்துடும், பேசாம இரு" என்றது.

சாயங்காலம் வழக்கமான மேட்டில் வந்து நின்றதும் பேட்டரி மெல்லக் கேட்டது:

"அண்ணே, இன்னும் கொஞ்சம் மேல ஏறி நிக்கலாமா?"