முப்பத்திரண்டாவது உசாத்துணை

“இந்தப் பந்தியை நீரே எழுதினனீர்?” என்று, தன் ஆய்வேட்டைத் தட்டச்சுக்குக் கொடுத்திருந்த பல்கலைக்கழக மாணவி தனுஷியா ஒருநாள் கேட்டாள்.

“ஓம் அக்கா,” என்றாள் பஸ்லா.

“எங்கட சேர் கண்டா உமக்குத்தான் பட்டம் தருவார்!”

பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, வெள்ளவத்தையில் மாணவர்களின் ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து கட்டிக்கொடுக்கும் கடையில் வேலை பார்ப்பவள் பஸ்லா. அதுவரை அவளை யாரும் பாராட்டியதில்லை. ஆனால் அந்தப் பந்தி நிருஜாவுடையது. போன வருடம் அதே கடையில் தன் ஆய்வேட்டைக் கட்டுவித்த மாணவி நிருஜா மாசியில் இறந்துபோனாள். அவளுடைய கோப்பு கணினியில் கிடந்தது. பஸ்லா அதிலிருந்து பந்தியை எடுத்துத் தனுஷியாவின் ஆய்வேட்டில் சேர்த்தாள், நிருஜாவின் பெயரைப் போடவில்லை.

யார் யாருடைய எழுத்தை எடுத்தாண்டது என்று ஆய்வேட்டின் முடிவில் சொல்லும் உசாத்துணைப் பட்டியலில் முப்பத்தொரு பெயர்களைத்தான் தட்டினாள். அச்சில் முப்பத்திரண்டு வந்தன. கடைசி வரியில், ‘நிருஜா, ம., நேரிற் கண்டு கதைத்தது, வெள்ளவத்தை’ என்று இருந்தது. திகதி அன்றையது. கணினித் திரையில் அந்த வரி இல்லை. மறுபடி அச்சிட்டாள். இம்முறை இன்னும் இரண்டு சொற்கள் கூடியிருந்தன: ‘பெயர்குறிப்பிடச் சம்மதித்தார்.’

தனுஷியா வந்து அதை வாசித்தாள். நிருஜாவின் செத்தவீட்டுக்குப் போனவள் அவள்.

“அந்தப் பந்தி என்ட இல்ல, அக்கா,” என்றாள் பஸ்லா. தலை நிமிரவில்லை.

தனுஷியா ஆய்வேட்டை மேசையிலேயே விட்டுவிட்டு, அந்தத் தாளை மட்டும் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே போனாள்.