புகையை வென்ற வேங்கடசாமி

பொன்னாடை தோளில் விழுந்ததும் என் முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது. கணபதிப் பகுதியில் இத்தனை வருடமாக லேத் பட்டறை நடத்துகிறேன், ஒருத்தரும் எனக்கு ஒரு துண்டுகூடப் போட்டதில்லை. சிகரெட்டை விட்டதற்குப் பொன்னாடையே போர்த்துகிறார்கள் என்றால் ஊருக்கு இப்போதுதான் புத்தி வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"நம்ம வீதியில பொகையைச் செயிச்ச ஒரே மனுசன், பட்டறைக்கார வேங்கடசாமி அண்ணன்!" என்று மைக்கில் முழங்கினார் வீதி நலச் சங்கச் செயலாளர் சுப்பண்ணன்.

மண்டபம் நிறையக் கைதட்டல். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என் மனைவி பங்காரு மட்டும் கைதட்டாமல் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். புருஷனுக்கு இவ்வளவு பெருமையா என்று திகைத்துப் போயிருப்பாள், பாவம்.

பொன்னாடையில் அந்துருண்டை வாசம் தூக்கலாக அடித்தது. யாருக்கோ போர்த்தியதை பீரோவில் மடித்து வைத்திருந்து எனக்குப் போர்த்திவிட்டார்கள் போல. கஞ்சர்கள் என்று மனதுக்குள் திட்டினேன். ஆனாலும் கழற்றவில்லை.

"ரெண்டு வார்த்தை பேசுங்கண்ணா" என்று சுப்பண்ணன் மைக்கை நீட்டினார்.

இரண்டு வார்த்தையோடு நிற்கிற வாயா இது? கன்னத்தில் அதக்கியிருந்த புகையிலைப் பாக்கை ஓர் ஓரமாக ஒதுக்கிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"ஒரு காலத்துல பாக்கெட் பாக்கெட்டா ஊதித் தள்ளுனவனுங்க நானு. பஸ் ஸ்டாண்டுல 'புகை பிடிக்காதீர்'னு போர்டு பாத்தேன். அன்னைக்கே உட்டுப்போட்டேன். இப்ப வெறும் பாக்குத்தானுங்க. பெட்டிக்கடையில சரஞ்சரமாத் தொங்குதே, அதேதான். தீப்பெட்டி வேண்டாம், இருமல் வராது, பக்கத்துல இருக்கறவனுக்கும் தொந்தரவில்ல. எல்லாரும் என்னைய மாதிரி மாறிக்குங்க!"

அந்த போர்டில் சிகரெட் படத்தின் மேல்தான் சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். பாக்குப் பொட்டலத்தின் மேல் யாரும் கோடு போடவில்லை. போர்டு எழுதுகிறவர்கள் படித்தவர்கள், கெடுதலாக இருந்தால் அதையும் வரைந்திருக்க மாட்டார்களா என்று பட்டறையில் எல்லோரிடமும் கேட்பேன். சம்பளம் கொடுக்கிறவன் கேட்கிற கேள்வி என்பதால் எல்லோரும் ஆமாம் என்றுவிடுவார்கள்.

பேச்சு முடிந்ததும் கூட்டம் கைதட்டியது. பக்கத்து நாற்காலியில் இருந்த பல் டாக்டர் சாஜிதா பேகம் மட்டும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று விழாவோடு இலவச மருத்துவ முகாமும் இருந்ததால் வந்திருந்தார். என் பேச்சில் மெய்மறந்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

தட்டில் மிளகாய் பஜ்ஜி வைத்தார்கள். நான் தொடவில்லை. கொஞ்ச நாளாகவே காரம் பட்டால் வாய் பற்றி எரிகிறது. வீட்டிலும் இதே கதைதான். "மொளகா அளவாத்தானுங்க போட்டேன், ஒருக்கா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தர்லாம் வாங்க" என்பாள் பங்காரு. குழம்பில் காரம் கூடினதற்கு ஆஸ்பத்திரி எதற்கு? சமைக்கத் தெரியாவிட்டால் ஒத்துக்கொள் என்று அவளை அடக்கிவிடுவேன்.

"ஏனுங்கண்ணா, முகாமை நீங்கதான் தொடங்கி வெக்கோணும்" என்றார் சுப்பண்ணன்.

ரிப்பன் எங்கே, கத்தரிக்கோல் எங்கே என்று பார்த்தேன்.

"ரிப்பன் இல்லீங்க. மொதப் பரிசோதனை உங்களுக்குத்தான். பெரிய மனுசரு நீங்க உக்காந்தாத்தானே சனம் பயப்படாம வரும்."

மருத்துவ முகாம்களில் பெரிய மனிதர்கள் முதலில் கையை நீட்டிக்கொண்டு சிரிக்கிற படங்களைப் பேப்பரில் பார்த்திருக்கிறேன். அந்த வரிசையில் நானும் சேர்ந்தாயிற்று. அவசரமாக வாயைக் கொப்பளித்துவிட்டு, தலையை வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

டாக்டரம்மா டார்ச் அடித்தார். "வாயைப் பெருசாத் தொறங்க."

"தொறந்துதானுங்க இருக்கறேன்."

"இன்னுங் கொஞ்சம்."

முடியவில்லை.

"மூணு வெரலை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வாய்க்குள்ள வெய்ங்க பார்க்கலாம்."

ஒரு விரல் போனது. இரண்டாவது விரல் பல்லில் இடித்து நின்றது. நான் சிரிக்கப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு எனக்கு மட்டும் கேட்கிறபடி கேட்டார். "காரம் பட்டா எரியுதுங்களா?"

"எரியுதுங்க... அது, ஊட்டுக் குழம்பு..."

"குழம்பு இல்லீங்க, நீங்க மெல்லற பாக்கு. கன்னம் உள்ளுக்குள்ள இறுகிப் போச்சு. வெள்ளையா ஒரு திட்டும் இருக்குது. அதைக் கொஞ்சம் எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்போணும். புத்துநோய்ல கொண்டுபோய் விடாம இருக்கோணும்னா இன்னையோட நிறுத்திப்போடுங்க."

எதிரே பார்த்தால், சற்றுமுன் எல்லாரும் மாறிக்கொள்ளுங்கள் என்று நான் சொன்ன கூட்டம் அப்படியே உட்கார்ந்திருந்தது. ஊருக்கே புத்தி சொன்ன என் வாய்க்குள் என் இரண்டு விரல் நுழையவில்லை.

டாக்டரம்மா என்னைத் தாண்டி முன்வரிசையைப் பார்த்தார். "நல்ல நேரத்துல கூட்டியாந்தீங்க அம்மணி. கொணப்படுத்திரலாம், பயப்படாதீங்க."

"யாரு யாரைக் கூட்டியாந்தது? சங்கத்துல இருந்தல்ல என்னையக் கூப்பிட்டாங்க?" என்றேன்.

சுப்பண்ணன் அவசரமாகக் குனிந்து மைக் வயரைச் சரிசெய்தார். பங்காரு மேடை ஏறி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"விழான்னு சொல்லலீன்னா நீங்க வந்திருப்பீங்களாங்க?"