சிலிண்டர் ஆறும்வரை

அழுத்தமானியின் முள் எண்பதைத் தாண்டியிருந்தது. நூற்றைம்பதைத் தொட வேண்டும்.

ஆக்ஸிஜன் நிலையத்தின் கம்பித் தடுப்புக்கு வெளியே அந்தப் பெண் செருப்பில்லாமல் நின்றாள். வீட்டில் அப்பாவுக்கு மூச்சுத் திணறல், இருக்கிற ஆக்ஸிஜன் இரண்டு மணி நேரம்தான் தாங்கும் என்று அதற்குள் நான்கு முறை சொல்லிவிட்டாள்.

நிரப்புகிறவர் வால்வை மயிரிழை அளவுக்குத்தான் திறந்து வைத்திருந்தார். மறு கை, காய்ச்சல் பார்ப்பதுபோல, சிலிண்டரின் மேல் இருந்தது. கொஞ்சம் வெதுவெதுத்தாலும் வால்வை இன்னும் குறைத்தார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பயிற்சியில் சொன்னார்கள். மெல்ல அழுத்தினால் சூடு வெளியேற நேரம் கிடைக்கும். அவசரமாக அழுத்தினால் சிலிண்டர் கொதிக்கும். அந்தச் சூட்டில், வாயு நிறையாமலே முள் ஏறி நிற்கும். ஆறியதும் இறங்கிவிடும்.

இதையெல்லாம் இவளிடம் எங்கே சொல்வது?

"உங்க வீட்டு ஆளுக்குன்னா இப்படித்தான் ஆடி அசைஞ்சு நிரப்புவீங்களா?"

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மாட்டேம்மா" என்றார்.

அவள், வெட்கமே இல்லாமல் ஒப்புக்கொள்கிறாரே என்பதுபோல் பார்த்தாள்.

முள் நூற்றைம்பதைத் தொட்ட பிறகும் அவர் ஐந்து நிமிடம் காத்திருந்தார். அது அசையவில்லை. சிலிண்டரைத் தானே சுமந்து ஆட்டோவில் ஏற்றினார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவர் பொய் சொல்லவில்லை.

போன வருடம், மனைவிக்கு மூச்சு முட்டுகிறதென்று மகள் போனில் அழுதபோது, வரிசையில் இருந்த பதினொரு பேரைத் தாண்டி வால்வை முழுக்கத் திறந்தார். ஆறே நிமிடத்தில் முள் நூற்றைம்பதில் நின்றது. சிலிண்டரில் கை வைக்க முடியவில்லை. சாக்கைச் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினார். நாலு மணி வரை கவலையில்லை என்று மகளிடம் சொல்லிவிட்டு, அடுத்ததை நிரப்பத் திரும்பி வந்தார்.

மூன்றேகாலுக்கே தீர்ந்துவிட்டது. அடுத்த சிலிண்டரோடு அவர் வந்து சேர்ந்தபோது நாலு ஆகப் போனது.

வீட்டில் சிலிண்டரோடு மாட்டியிருந்த மீட்டரில்தான் கோளாறு என்று மகள் நம்புகிறாள். அதை விற்ற கடைக்காரனை அவள் சபிக்காத நாளில்லை.

அவள் சபித்து ஓயும்வரை அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலை நிமிர்வதில்லை.