ஒரு வருஷம் நான் பொறுப்பு

லிஃப்ட் கதவு மூடுவதற்குள் காக்கா உள்ளே நுழைந்துவிட்டாள்.

உள்ளே ஒரே ஒருவர்தான். ஆறாவது மாடி அலுவலகத்துக்கு மேசை நாற்காலி வாங்கும் மேலாளர். எத்தனை நாள் வாசலில் காத்திருந்தும் பிடிபடாத மனிதர், இப்போது ஒரு முழம் தள்ளி நின்று எண்கள் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காக்கா என்பது வீட்டில் கூப்பிடும் பெயர். அது அவள் போய்வரும் சிறுதொழில் மாலை வகுப்புக்கும் பரவியிருந்தது. உடைந்த நாற்காலி எந்தக் குப்பையில் கிடந்தாலும் கொத்திக்கொண்டு வந்துவிடுவாள், அதனால்தான் அந்தப் பெயர் என்று வகுப்பில் நினைத்தார்கள். அவளும் திருத்தவில்லை.

நாற்காலிகளைப் பழுதுபார்ப்பதுதான் அவள் தொழில். அதற்காகத் தகரக் கொட்டகை ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தாள்.

இந்த ஆறாவது மாடி வேலை கிடைத்தால் கொட்டகை நிற்கும். இல்லாவிட்டால் மறுபடி அண்ணியின் தையல் கடையில் பித்தான் தைக்க உட்கார வேண்டியதுதான். ஊசியில் நூல்கூடக் கோத்து வைத்துவிட்டேன் என்று அண்ணி காலையில்தான் கேலி செய்திருந்தாள்.

லிஃப்ட் மேலே போய்ச் சேருவதற்குள் உன் தொழிலைச் சொல்லி முடி. இதுதான் வகுப்பு ஆசிரியர் கொடுத்த பயிற்சி.

அரிசியில் கல் பொறுக்குவதுபோல் அவள் சொற்களைப் பொறுக்கி எறிந்தாள். கடை வேண்டாம். காசு வேண்டாம். கேரண்டி வேண்டவே வேண்டாம்.

கேரண்டிதானே தூண்டில் முள், அதையே எடுத்துவிட்டால் மீன் எப்படி மாட்டும் என்று ஆசிரியர் சண்டை போட்டார். அந்த இடத்தில் அவள் எழுதியிருந்ததைப் படித்ததும் அடங்கிவிட்டார். அதை அப்படியே கரும்பலகையில் எழுதி வகுப்புக்கே காட்டினார்.

பெயர் எங்கே, கைப்பிடி இல்லாத வாளியாக இருக்கிறதே என்று மட்டும் குறைப்பட்டார். பெயருக்கு அட்டையை நீட்டிவிடுவேன் என்று சமாளித்தாள்.

லிஃப்ட் இரண்டாவது மாடியைத் தாண்டியது.

“சார், உங்க ஆபீஸ்ல உடைஞ்ச நாற்காலியெல்லாம் மாடிப்படிக்கு அடியில தூங்குது. அதை எழுப்பி உட்கார வைக்கிறதுதான் என் வேலை. புதுசு வாங்குற செலவுல நாலுல ஒரு பங்குதான் ஆகும். ஒரு வருஷம் நான் பொறுப்பு.”

ஒரு சொல்லும் இடறவில்லை.

மேலாளர் சிரித்துவிட்டார். லிஃப்ட் நின்றது. வெளியே இறங்கியவர் திரும்பினார். அவள் அட்டையை நீட்டினாள்.

“அட்டையெல்லாம் நான் தொலைச்சிடுவேம்மா. கடைப் பேரை வாயால சொல்லுங்க, மனசுல நிக்கும்.”

நீட்டிய கை நீட்டியபடியே நின்றது.

பள்ளியில் எழுந்து வாசிக்கச் சொன்னால், அந்த ஓர் எழுத்தில் மாட்டிக்கொண்டு, கா, கா என்றே நிற்பாள். பின்வரிசை வைத்த பெயர் வீடுவரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. ககர வரிசையில் தொடங்கும் எந்தச் சொல்லும் இன்றுவரை அவள் வாய்ப்படி தாண்டுவதில்லை.

கொட்டகைக்குப் பெயர் தேடியபோது, வாய்க்கு வழுக்குகிற மாதிரி ஏதாவது வையேன் என்றாள் அண்ணி. வாய்க்கு வராத ஒன்றைத் தேடித்தான் அவள் வைத்தாள். வைத்துவிட்டால் சொல்லித்தானே ஆக வேண்டும்.

பலகையில் எழுதி மாட்டியாயிற்று. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

“கா...”

கதவு மூட வந்தது.

வலது காலை எடுத்துக் குறுக்கே வைத்தாள். கதவு செருப்பில் இடித்துத் திரும்பிப் போனது.

“கா... கா...”

மேலாளர் சிரிக்கவில்லை. கையிலிருந்த பையைத் தரையில் வைத்துவிட்டு நின்றார்.

கதவு மறுபடி வந்தது. அவள் காலை எடுக்கவில்லை.

“காலூன்றி” என்றாள்.