பால்சருக்காகப் போட்ட தடம்

பால்சருக்கு வலது முழங்கால் சரியில்லை. அதனால் செரைனா செங்குத்தாக ஏறாமல், வளைத்து வளைத்து, ஏற்றம் தெரியாதபடி தடம் போட்டுக்கொண்டே போனாள். புதுப்பனி தொடை வரை கிடந்தது. ஒவ்வொரு அடிக்கும் காலில் மாட்டிய ஸ்கீக் கட்டையை உள்ளிருந்து உருவியெடுத்து முன்னால் தள்ள வேண்டியிருந்தது.

அவள் அழுத்திவிட்ட இரட்டைக் கோட்டில் கால் வைத்து, மூச்சு வாங்காமல் பின்னால் வந்தான் பால்சர்.

"கொஞ்ச நேரம் நான் முன்னால போகட்டுமா?" என்று கேட்டான்.

"உனக்குத்தான் அந்தப் பழக்கமே கிடையாதே" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல்.

எங்கடின் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிந்த விஷயம் அது. விடியற்காலையில் வேறு யாராவது வேர்த்து விறுவிறுத்துப் பனியை உடைத்துத் தடம் போடுவார்கள். பால்சர் சாவகாசமாகக் காப்பி குடித்துவிட்டு அதே தடத்தில் ஏறுவான். உச்சியில் அவர்களை முந்திக்கொண்டு, யாரும் தொடாத சரிவில் முதல் ஆளாய்ச் சறுக்கி இறங்குவான்.

செரைனாவின் கணவன் துமாஷ் ஏழு குளிர்காலம் அலைந்து மலையின் வடக்கு முகத்தில் ஒரு வழி கண்டுபிடித்தான். பால்சர் ஒரே ஒரு நாள் அவன் பின்னால் போனான். மறுவாரம் வெளியூர்க்காரர்களை அதில் கூட்டிப் போனான். அடுத்த வருஷம் மலை வரைபடத்தில் 'பால்சர் தடம்' என்று அச்சாகி வந்துவிட்டது. அதன்பிறகு இரண்டு வருஷம் துமாஷ் அவன் முகத்தில் விழிக்கவில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு மார்ச் மாதக் காலையில், துமாஷே அவன் வீட்டுக் கதவைத் தட்டி மலைக்குக் கூப்பிட்டான். திரும்பி வந்தது பால்சர் மட்டும்தான்.

விசாரணையில் அவன் சொன்னது இவ்வளவே: துமாஷ் முன்னால் போனான், நான் தடத்தைப் பிடித்துக்கொண்டு போனேன், மேலிருந்து பனி விழுந்தது. தோண்டிப் பார்த்தாயா என்று கேட்டதற்கு இல்லை என்றான். மறுநாள் மோப்ப நாய்கள்தான் சரிவின் அடியில் துமாஷைக் கண்டுபிடித்தன.

பகையை மறந்து கூப்பிடப் போன மனுஷனுக்கு இப்படியா என்று அடக்கத்துக்கு வந்த பெண்கள் அழுதார்கள். செரைனா அழவில்லை. இவன் ஒரு கைப் பனியைக்கூட அள்ளிப்போடவில்லை என்பது ஒன்றுதான் அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நாலு வருஷமாக ஓடியது. நேற்று அவளே பால்சருக்கு ஃபோன் செய்து மலைக்குக் கூப்பிட்டாள். ஏன், எதற்கு என்று கேட்காமல் சரி என்றான்.

துமாஷ் புதைந்த அந்தச் சரிவின் ஓரத்தில் வந்து நின்றார்கள். உயரே, முகட்டின் விளிம்பில், காற்று கட்டிவைத்த பனித் தாழ்வாரம் ஒரு பேருந்து நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"ஒவ்வொருத்தரா கடக்கணும். நான் குரல் குடுத்ததும் என் தடத்துலயே வா. வெளிய கால் வைக்காத."

பால்சர் மேலே ஒருமுறை பார்த்தான். "சரி, நீ போ" என்றான்.

அவள் குறுக்கே தடம் கிழித்துக்கொண்டு கடந்தாள். மறுபுறப் பாறைகள் வழியாக முகட்டுக்கு ஏறி, தாழ்வாரத்துக்கு மேலே வந்து நின்றாள். அவன் நடுச்சரிவுக்கு வந்ததும் ஓங்கி ஒரு மிதி; அவ்வளவுதான். யாராவது கேட்டால் சொல்லவேண்டியதும் தயாராக இருந்தது. பால்சர் தடத்தைப் பிடித்துக்கொண்டு வந்தான், மேலிருந்து பனி விழுந்தது. அவன் வார்த்தை அவனுக்கே.

"வா" என்று குரல் கொடுத்தாள்.

கீழே தடத்தில் யாரும் வரவில்லை. சரியாகத் தெரியவில்லையோ என்று இன்னும் ஓரடி முன்னால் போனாள். பிறகு இன்னும் ஓரடி.

"செரைனா."

குரல் முதுகுப் பக்கமிருந்து வந்தது. முகட்டுப் பாறையில் பால்சர் நின்றிருந்தான். தொப்பி இல்லை, வேர்த்த தலையிலிருந்து ஆவி பறந்தது. அவனுக்குப் பின்னால், ஒருவரும் ஏறாத செங்குத்துப் பனியில், விழுந்து எழுந்து வந்த கோணல்மாணலான புதுத்தடம் ஒன்று கிடந்தது. அவன் போட்டது.

"மெதுவா பின்னால வா. நீ நிக்கற எடத்துக்கு அடியில பாறை இல்ல. வெறும் பனிதான்."

அவன் கைத்தடியை நீட்டினான். அவள் அசையவில்லை. நாலு வருஷத்து வெறுப்பு அவளை அங்கேயே பிடித்து வைத்திருந்தது. அப்போது காலடியில் 'டொம்' என்று ஏதோ உட்கார்ந்தது. அவர்கள் இருவருக்கும் நடுவே மயிரிழைபோல ஒரு விரிசல் ஓடியது.

மனசு முடிவெடுப்பதற்குள் கை தடியைப் பற்றிவிட்டது. அவன் இழுத்த இழுப்பில் இருவரும் பாறைமேல் விழுந்தார்கள். அவள் நின்றிருந்த இடம் அப்படியே பெயர்ந்து போயிற்று. கீழே மலை உறுமி அடங்கியபோது, அவள் போட்ட தடத்தில் ஒரு முழம்கூட மிச்சமில்லை.

பால்சர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வெறும் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் இங்க நிப்பேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவன் அவள் பக்கம் திரும்பவில்லை.

"துமாஷும் அங்கதான் நின்னான், நான் பாதி வழி வரட்டும்னு."