காது இல்லாத லேப்டாப்

மானிட்டர் காலையிலேயே கண்ணை மூடிவிட்டது. மனைவி வரைந்த கட்டட வரைபடம் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் கிடக்கிறது. மதியத்துக்குள் அனுப்பாவிட்டால் வேலை கைமாறிவிடும். பெட்டியின் கேபிளைக் கணவன் மறுபடி மறுபடி தன் லேப்டாப்பில் செருகுகிறான். பெட்டியின் விசிறி இரைகிறது. லேப்டாப் திரையிலோ கடற்கரையில் நிற்கும் அவன் படமே சிரிக்கிறது. "லேப்டாப்ல அந்த ஓட்டை படத்தை வெளியே அனுப்பத்தாங்க, உள்ளே வாங்காது. ஹால் டிவியில மாட்டுங்கன்னு அப்பவே சொன்னேனே," என்கிறாள் மனைவி. "கேபிள் சரியா உட்காரலம்மா," என்று ஓட்டையில் ஊதுகிறான். "ரெண்டுக்கும் வாய்தான் இருக்கு, காது இல்ல. இந்த வீடு மாதிரியே." "என்ன சொன்ன?" என்கிறான், நிமிராமல். அவள் கேபிளைப் பிடுங்கி, பெட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, மாமனார் டிவி பார்க்கும் ஹாலுக்கு நடக்கிறாள். "மாமா, மேட்ச் பார்த்தது போதும், கொஞ்சம் நகருங்க." விசிறி ஓய்ந்த அறையில் அவன் இன்னும் லேப்டாப்பில் ஊதிக்கொண்டிருக்கிறான்.