ஆறடி இடைவெளி

ஊரடங்கில் காலை ஆறு முதல் ஏழு வரை, வீட்டுக்கு ஒருவர், குடியிருப்புக்குள் சைக்கிள் ஓட்டலாம் என்று அனுமதித்தார்கள். கோமதிநாயகத்துக்கு ஆஸ்துமா. அவருடைய சைக்கிளை மனைவி செண்பகவல்லி எடுத்துக்கொண்டு போனாள். ஐம்பது வயதில் அவள் இரண்டு கையையும் விட்டு ஓட்டுவதை மாடியிலிருந்து பார்த்துத் திகைத்தார்.

“இதெல்லாம் எப்பப் படிச்ச?”

“கல்யாணத்துக்கு முன்னாலயே தெரியும்.”

“இருவத்தாறு வருசமா சொல்லவே இல்லையே?”

“நீங்க கேக்கவே இல்லையே.”

வியர்வையோடு அவள் சிரித்த அந்தச் சிரிப்பு, ஒருநாளும் அவருக்காக வந்ததில்லை. மறுநாள் அவள் எழும்புமுன் கீழே போய்ப் பின்சக்கரத்தின் காற்றைப் பிடுங்கிவிட்டு வந்தார்.

ஆறு மணிக்கு எட்டிப் பார்த்தால், எதிர் பிளாக் வங்கிக்காரர் குனிந்து காற்றடித்துக்கொண்டிருந்தார். தள்ளி நின்ற செண்பகவல்லி ஏதோ சொல்ல, முகக்கவசத்துக்குள் குலுங்கிச் சிரித்தார்.

“செண்பகம், மேல வா!” என்று கத்த வாயெடுத்தார் கோமதிநாயகம். இளைப்புதான் வந்தது. அவள் ஏறி மிதித்தாள். வங்கிக்காரரும் தம் சைக்கிளை எடுத்தார். விதிப்படி ஆறடி இடைவெளி விட்டு, இருவரும் வளைவில் திரும்பினார்கள்.